ஆன, ஆக, அப்புறம் அந்த 'லி'



மூட்டுவலியைப் பற்றியும் மொட்டைமாடித் தோட்டத்தைப் பற்றியும் எழுதி உங்களைச் சலிக்க வைத்தது போதும். இன்றைக்கு இலக்கணம். ஓடிவிடாதீர்கள். பரீட்சை கிடையாது, மரஸ்கேலும் கிடையாது. கொஞ்சம் நீளமாகப் போகும், காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள். ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். வகுப்பில் செய்த மாதிரி வாய்விட்டுப் படியுங்கள்.

தங்கையின் பேத்தி காலாண்டு லீவுக்கு வந்திருக்கிறாள். ஏழாம் வகுப்பு. அவள் நோட்டில் சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டு ஒரு விதி: "அட்ஜெக்டிவோடு லி சேர்த்தால் அட்வெர்ப்."

"ஃபாஸ்ட்டுக்கு என்னம்மா?" என்று கேட்டேன்.

"ஃபாஸ்ட்லி, ஆச்சி."

"ஃப்ரெண்ட்லி?"

"அதுலதான் லி இருக்கே ஆச்சி. அட்வெர்ப்."

இரண்டுமே தப்பு. ஆனால் பிள்ளையை என்ன சொல்ல? விதியை நம்பியது. ஃபாஸ்ட்லி என்று ஒரு சொல்லே இன்றைய ஆங்கிலத்தில் கிடையாது, ஃபாஸ்ட் என்பதே பெயருக்கும் வரும், வினைக்கும் வரும். ஃப்ரெண்ட்லி பெயரடை. ஃப்ரெண்ட்லி நெய்பர் என்று சொல்லலாம், ஹி ஸ்போக் ஃப்ரெண்ட்லி என்று சொல்லக்கூடாது. இன் எ ஃப்ரெண்ட்லி வே என்று சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டும்.

நான் 31 வருடம் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நடத்தினவள். உங்களில் பாதிப் பேருடைய அப்பா அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தார்கள். ஆங்கிலம் என்றாலே நமக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் புதிதாகப் படிக்க வேண்டும் என்ற பயத்தோடுதான் ஆறாம் வகுப்புக்கு வருவீர்கள். அந்தப் பயத்தை உடைக்க எனக்குக் கிடைத்த நல்ல பாடங்களில் ஒன்று இது. ஏனென்றால் பெயரடையும் வினையடையும் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

பழைய மாணவர்களுக்கு ஞாபகம் இருக்கும். போர்டில் 'அழகு' என்று எழுதுவேன். பக்கத்தில் 'பெண்' என்று எழுதி நடுவில் என்ன போடலாம் என்பேன். "அழகான பெண்" என்று வகுப்பே கத்தும். 'பெண்'ணை அழித்துவிட்டு 'பாடினாள்' என்று எழுதுவேன். "அழகாகப் பாடினாள்." 'அழகான பாடினாள்' என்று இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளைகூடச் சொன்னதில்லை. நாலு வயதுக் குழந்தையும் சொல்லாது. பெயருக்கு முன்னால் 'ஆன', வினைக்கு முன்னால் 'ஆக'. யாரும் சொல்லிக்கொடுக்காமலே வீட்டில் வந்த இலக்கணம். பியூட்டிஃபுல் கேர்ள், சிங்ஸ் பியூட்டிஃபுலி. அந்த 'ஆக'தான் இந்த 'லி'. நல்ல பையன், நல்லாப் படிக்கிறான்: குட் பாய், ஸ்டடீஸ் வெல். அவ்வளவுதான் பாதிப் பாடம்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம், பாடத்திட்டத்தில் இல்லாதது. நம் 'ஆன', 'ஆக' இரண்டும் 'ஆகு' என்ற வினையிலிருந்து வந்தவை. 'ஆன' பெயரெச்சம், 'ஆக' வினையெச்சம். அந்த 'லி' எங்கிருந்து வந்தது தெரியுமா? பழைய ஆங்கிலத்தில் 'லிக்' என்றால் உடல், உருவம். லைக் என்கிறோமே, 'போல' என்ற பொருளில், அதுவும் அதே வேர்தான். அந்த உடலைக் குறித்த சொல் தேய்ந்து தேய்ந்து, மற்றச் சொற்களின் வாலில் ஒட்டிக்கொண்டு 'லி' ஆகிவிட்டது. நாம் 'ஆகி' நிற்கிறோம், அவர்கள் 'உருவம்' போட்டு நிற்கிறார்கள்.

ஃப்ரெண்ட்லி ஏன் பெயரடை என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. 'நண்பனின் உருவுள்ள' என்பதுதான் அதன் மூலப்பொருள். பெயர்ச்சொல்லோடு லி சேர்ந்தால் பெரும்பாலும் பெயரடை கிடைக்கும்: ஃப்ரெண்ட்லி, மதர்லி, கவர்ட்லி, காஸ்ட்லி. பெயரடையோடு லி சேர்ந்தால் பெரும்பாலும் வினையடை: ஸ்லோலி, சேஃப்லி, க்ளியர்லி. லோன்லி, அக்லி, சில்லி எல்லாம் இந்தக் கணக்குக்கு அடங்காது. அவற்றைப் பெயரடை என்று மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதான். பேத்தியின் நோட்டில் இந்த இரண்டு வரியையும் பச்சை மையில் எழுதிவிட்டேன். அவள் டீச்சர் கோபித்துக்கொண்டால் என் நம்பரைக் கொடு என்றும் சொல்லியிருக்கிறேன்.

இனிமேல்தான் வழுக்கும் இடம். தமிழைப் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளை தமிழாலேயே விழும் இடம் இது.

சாம்பார் ருசியாக இருக்கிறது. மல்லிகைப்பூ வாசமாக இருக்கிறது. அக்கா கோபமாக இருந்தாள். இங்கெல்லாம் நாம் 'ஆக'தான் போடுகிறோம். அப்படியானால் ஆங்கிலத்தில் லி வர வேண்டும் அல்லவா? நன்றாகப் படிக்கிற பிள்ளைதான் இங்கே விழும். "தி சாம்பார் டேஸ்ட்ஸ் நைஸ்லி" என்று எழுதும். "ஷி லுக்ஸ் பியூட்டிஃபுலி" என்று எழுதும். டேஸ்ட்ஸ் வினை, லுக்ஸ் வினை, வினைக்குப் பக்கத்தில் வினையடை. விதிப்படி சரியாகத்தானே செய்திருக்கிறது!

ஆனால் சாம்பார் எந்த வேலையையும் செய்யவில்லை. அது சும்மா கிண்ணத்தில் கிடக்கிறது. ருசி சாம்பாரின் குணம். குணம் யாருக்கோ, அந்தப் பெயருக்குத்தான் அடை. ஆகவே தி சாம்பார் டேஸ்ட்ஸ் குட். தி ஜாஸ்மின் ஸ்மெல்ஸ் ஸ்வீட். ஷி லுக்ஸ் பியூட்டிஃபுல். லுக், ஃபீல், டேஸ்ட், ஸ்மெல், சவுண்ட், சீம், பிகம் ஆகியவை வந்தால் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். அந்த வினையை எடுத்துவிட்டு 'இஸ்' போட்டுப் பாருங்கள். தி சாம்பார் இஸ் குட். பொருள் நிற்கிறதா? நின்றால் லி வேண்டாம்.

அக்கா கோபமாக இருந்தாள், அக்கா என்னைக் கோபமாகப் பார்த்தாள். தமிழில் இரண்டுக்கும் ஒரே 'கோபமாக'. ஆங்கிலத்தில் முதலாவது ஷி லுக்ட் ஆங்ரி. இரண்டாவது ஷி லுக்ட் ஆங்ரிலி அட் மி. முதலாவதில் அவள் முகம், இரண்டாவதில் அவள் செய்த காரியம். நாய் உதாரணம் சொன்னால் வகுப்பே சிரிக்கும்: தி டாக் ஸ்மெல்ஸ் பேட் என்றால் நாய் நாறுகிறது, குளிப்பாட்ட வேண்டும். தி டாக் ஸ்மெல்ஸ் பேட்லி என்றால் அதன் மூக்கு சரியாக வேலை செய்யவில்லை, போலீஸ் வேலைக்கு ஆகாது. பின்பெஞ்சுப் பையன்கள்கூட இதை மறந்ததில்லை.

'ஐ ஆம் குட்' சரியா, 'ஐ ஆம் வெல்' சரியா என்று என் கொழுந்தன் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். உடம்பு நலம் என்ற பொருளில் வெல்லும் பெயரடைதான், அதனால் ஐ ஆம் வெல் சரி. ஐ ஆம் குட் இன்று உலகம் முழுக்கச் சொல்கிறார்கள், சண்டை போட வேண்டாம். ஆனால் 'ஹி ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் குட்' என்று மட்டும் எழுத்தில் எழுதாதீர்கள். அங்கே வெல்.

இதெல்லாம் சின்ன விஷயம், பொருள் புரிந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பல இடத்தில் போதும். எந்த வெள்ளைக்காரரும் 'லுக்ஸ் பியூட்டிஃபுலி' என்று கேட்டுக் குழம்பப் போவதில்லை. குழம்புகிற இடம் ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் இந்தப் பதிவே.

நம் 2003 செட் மாணவி ஒருத்தி. பெயர் சொல்ல மாட்டேன், அவள் செட்டுக்குத் தெரிந்துவிடும், தெரியட்டும். மதுரையில் நர்ஸ். இங்கிலாந்துக்குப் போவதற்காக ஓ.இ.டி. தேர்வுக்குப் படிக்கிறாள். அதில் ஒரு நோயாளியின் குறிப்புகளைக் கொடுத்து, அதை வைத்து ஒரு கடிதம் எழுதச் சொல்வார்கள். நைட் டூட்டி முடிந்து வந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, பயிற்சிக் கடிதம் எழுதி எனக்கு வாட்ஸ்ஆப்பில் போட்டோ எடுத்து அனுப்புவாள். போன மாதம் வந்த கடிதத்தில் ஒரு வரி: "தி பேஷன்ட் வாஸ் ப்ரீதிங் ஹார்ட்லி."

போன் போட்டேன். "இதுல என்னம்மா சொல்ல வந்த?"

"மூச்சு வாங்குறாரு, கஷ்டப்பட்டு மூச்சு விடுறாருன்னு டீச்சர். ப்ரீதிங் வினைதானே? ஹார்ட்டோட லி சேரணும்னு கோச்சிங்ல சொன்னாங்க."

"ஹார்ட்லின்னா என்ன அர்த்தம்?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

ஹார்ட்லி என்றால் 'கடினமாக' அல்ல. 'அரிதாக', 'இல்லை என்றே சொல்லலாம்' என்று பொருள். ஐ ஹார்ட்லி நோ ஹிம் என்றால் அவரை எனக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள். பேஷன்ட் இஸ் ப்ரீதிங் ஹார்ட் என்றால் மூச்சு இரைக்கிறது. பேஷன்ட் இஸ் ஹார்ட்லி ப்ரீதிங் என்றால் மூச்சு ஏறக்குறைய நின்றுவிட்டது. இரண்டும் அவசரம்தான், ஆனால் ஒரே அவசரம் இல்லை. அவள் எழுதியிருந்த மாதிரி எழுதினால் ஆங்கிலம் தெரிந்தவர் முதலில் நினைப்பது இரண்டாவதைத்தான்.

நான் சொல்லி முடித்ததும் அவள் கேட்டாள்: "டீச்சர், டூட்டி மாத்தும்போது யாராவது எனக்கு இப்படி எழுதி வச்சிருந்தா, நான் எந்த ரூமுக்கு முதல்ல ஓடுவேன்?"

பதினெட்டு வருடம் வார்டில் நின்ற பெண்ணுக்குத்தான் அந்தக் கேள்வி வரும். மதிப்பெண் எவ்வளவு குறையும் என்று அவள் கேட்கவில்லை. நோயாளியைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததில் ஒரு குறையும் இல்லை. கண்ணால் பார்த்தே மூச்சின் வேகத்தைச் சொல்லிவிடுவாள். அதைத் தாளில் வைக்கிற இடத்தில் இரண்டு எழுத்து குறுக்கே வந்து நிற்கிறது.

இன்னொரு பையன். திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆறு வருடம் ராப்பகலாக உழைத்தவன். வேறு ஒரு பெரிய நிறுவனத்துக்கு விண்ணப்பம் போட்டபோது "ஐ ஹேவ் வொர்க்ட் ஹார்ட்லி ஃபார் சிக்ஸ் இயர்ஸ்" என்று எழுதிவிட்டான். நேர்முகத்தில் இருந்த இரண்டு பேர் அந்தத் தாளைப் பார்த்து ஒருவருக்கொருவர் சிரித்துக்கொண்டார்களாம். இவனோ தன் சட்டையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்து, வெளியே வந்து முதல் வேலையாகப் புதுச் சட்டை எடுத்திருக்கிறான். இரண்டு வருடம் கழித்து என்னிடம் அதே விண்ணப்பத்தைத் திருத்தக் கொண்டுவந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. எனக்கு அந்தப் பையன் எழுதியதைவிட அந்த இரண்டு பேர் மேல்தான் கோபம். "தம்பி, இதற்கு இப்படிப் பொருள் வரும், ஹார்ட் என்று மாற்றிக்கொள்" என்று சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்காது.

இதே மாதிரி இரட்டைகள் இன்னும் சில உண்டு, பார்த்து வையுங்கள். லேட் என்றால் தாமதமாக, லேட்லி என்றால் சமீப காலமாக. "பஸ் கேம் லேட்லி" என்று சொன்னால் பஸ் இப்போதெல்லாம் வர ஆரம்பித்திருக்கிறது என்ற மாதிரி ஆகிவிடும். நியர் பக்கத்தில், நியர்லி கிட்டத்தட்ட. ஹை உயரத்தில், ஹைலி மிகவும். விமானம் பறப்பது ஹை. மரியாதைக்குரியவர் ஹைலி ரெஸ்பெக்டட்.

ஏன் இந்தக் குழப்பம்? பழைய ஆங்கிலத்தில் வினையடை செய்ய இன்னொரு வழியும் இருந்தது. பெயரடையின் கடைசியில் 'எ' போன்ற ஓர் உயிரொலி சேர்ப்பார்கள். காலப்போக்கில் அந்தக் கடைசி ஒலி உதிர்ந்துபோனது. உதிர்ந்த பிறகு பெயரடையும் வினையடையும் ஒரே உருவமாக நின்றன. ஹார்ட், ஃபாஸ்ட், லேட் எல்லாம் அப்படி மிஞ்சியவை. லி இல்லாததால் இவை குறைபட்ட சொற்கள் என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் பழைய வீட்டுக்காரர்கள், அவ்வளவுதான்.

இதில் வங்கியில் இருந்து ஓய்வுபெற்ற எங்கள் அத்தானுக்கும் எனக்கும் ஒரு வழக்கு நடக்கிறது. நாற்கரச் சாலையில் 'கோ ஸ்லோ' என்று போர்டு பார்க்கும்போதெல்லாம் "தப்பு, கோ ஸ்லோலின்னுதான் இருக்கணும்" என்பார். அத்தான், இதையும் படிப்பீர்கள் என்று தெரியும், படியுங்கள். ஸ்லோ என்பதை வினையடையாக ஷேக்ஸ்பியரே எழுதியிருக்கிறார். பெயரடையை இப்படி வினைக்கு வைப்பது முறையல்ல என்று கண்டித்தவர்களில் முக்கியமானவர் ராபர்ட் லௌத். 1762 இல் ஆங்கில இலக்கணம் எழுதியவர், பின்னாளில் லண்டன் பிஷப் ஆனவர். அவர் வழியில் வந்த பள்ளிக்கூடப் புத்தகங்கள்தான் லி இல்லாததெல்லாம் தப்பு என்ற எண்ணத்தை நம் மண்டையில் ஏற்றின. போர்டில் ஸ்லோ சரி. விண்ணப்பத்திலும் கடிதத்திலும் ஸ்லோலி எழுதுவது பாதுகாப்பு. போர்டை மாற்றச் சொல்லி நெடுஞ்சாலைத் துறைக்கு மனுப் போட வேண்டாம்.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழில் வினை கடைசியில் நிற்கும், அடை அதன் தோளைத் தொட்டுக்கொண்டு முன்னால் நிற்கும். "அவள் ஆங்கிலம் சரளமாகப் பேசுவாள்." அந்தப் பழக்கத்தில் நாம் ஆங்கிலத்திலும் வினையை ஒட்டியே அடையைப் போட்டு "ஷி ஸ்பீக்ஸ் ஃப்ளூயன்ட்லி இங்கிலீஷ்" என்கிறோம். ஆங்கிலத்தில் வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவில் ஆளை நுழைய விடமாட்டார்கள். ஷி ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் ஃப்ளூயன்ட்லி. கணவன் மனைவிக்கு நடுவில் உட்காராதே என்று வகுப்பில் சொல்வேன், ஞாபகம் இருக்கிறதா?

நம்மிடம் இருந்து அவர்களிடம் இல்லாததும் உண்டு. மழை சோவெனப் பெய்தது, ஓலை சலசலவென அசைந்தது, பையன் திருதிருவென விழித்தான், அம்மா மளமளவென வேலையை முடித்தாள். இதற்கெல்லாம் லி போட்டு ஒரு சொல் தேடிப் பாருங்கள். திருதிருவுக்கு நான் 31 வருடமாகத் தேடுகிறேன். பிடித்தால் சொல்லுங்கள்.

கடைசியாக, உறவுகளுக்கு. கல்யாண போட்டோக்களுக்குக் கீழே எல்லோரும் 'டூ பியூட்டிஃபுல்', 'டூ நைஸ்' என்று அள்ளித் தெளிக்கிறீர்கள். நமக்கு 'ரொம்ப' என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. "பொண்ணு ரொம்ப அழகு" என்போம், "குழம்பில் உப்பு ரொம்ப" என்போம். முதல் ரொம்ப வெரி, இரண்டாவது ரொம்ப டூ. டூ என்றால் அளவுக்கு மிஞ்சிவிட்டது, வேண்டாம் என்று பொருள். போட்டோவுக்குக் கீழே எழுதினால் யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். மேலதிகாரிக்கு நன்றிக் கடிதத்தில் 'யூ ஆர் டூ ஹெல்ப்ஃபுல்' என்று எழுதாதீர்கள். ஏன் தலையிட்டாய் என்று கேட்கிற மாதிரி இருக்கும். வெரி போடுங்கள்.

விண்ணப்பம், கடிதம் எதுவானாலும் அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போன் பண்ணுங்கள், மத்தியானம் தூங்குவேன். நர்ஸ் பிள்ளைகள் மட்டும் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம்.